1,186 பேரை ஏற்றிச் சென்ற ரயில்: பிஸ்பீ சுரங்க நகரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் மலை இடுக்கில் இருக்கும் ஊர் பிஸ்பீ. 1917 ஜூலை 12 அன்று அந்த ஊர் தன் தொழிலாளர்களில் 1,186 பேரைத் துப்பாக்கி முனையில் மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றி, வேறு மாநிலத்துப் பாலைவனத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைத் தமிழில் 'நாடு கடத்தல்' என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் நாட்டைவிட்டு அனுப்பப்படவில்லை, ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் 'ஊர்நீக்கம்' என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

அன்று நடந்தது என்ன என்பது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதை மறுபடி சொல்வது இங்கே பாதி வேலைதான். நடந்ததை அந்த ஊர் எப்படிப் பல பத்தாண்டுகள் பேசாமல் வைத்திருந்தது, பேசத் தொடங்கியபோது என்ன முடிவுகளை எடுத்தது என்பது மீதிப் பாதி. பொதுப் பதிவில் உள்ள சிலரைத் தவிர மற்றவர்களைப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டிருக்கிறேன்.

பின்னணி: யார் கீழே இறங்கலாம், யார் மேலேயே நிற்க வேண்டும்

பிஸ்பீ முழுக்க முழுக்கச் செம்பால் பிழைத்த ஊர். மூன்று நிறுவனங்கள் அங்கே சுரங்கம் நடத்தின. பெரியது ஃபெல்ப்ஸ் டாட்ஜ். காப்பர் குவீன் சுரங்கம் அதனுடையது. மருத்துவமனை, பெரிய கடை, நூலகம், நாளிதழ், ஊருக்கு வரும் ரயில் பாதை என்று எல்லாவற்றிலும் அந்த நிறுவனத்தின் கை இருந்தது. ரயில் பாதை அதனுடையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஊருக்குள் ஒரு வரிசை இருந்தது. பிஸ்பீ தன்னை 'வெள்ளையர் முகாம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது. சீனர்கள் பொழுது சாய்ந்த பிறகு ஊரில் தங்கக் கூடாது. மெக்சிகோக்காரர்கள் நிலத்தடியில் இறங்கி வேலை செய்ய முடியாது, தரைமேல் வேலைதான், அதுவும் குறைந்த கூலிக்கு. கீழே இறங்குபவர்களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த பழைய சுரங்கக் குடும்பத்தார் மேல் வரிசை. செர்பியர், குரோஷியர், ஃபின்லாந்துக்காரர் போன்றோர் அதற்கடுத்து. 1917 சண்டையை வெறும் கூலிச் சண்டையாகப் பார்த்தால் பாதிதான் விளங்கும் என்பதற்கு இந்த வரிசைதான் காரணம்.

போர் வந்தது. 1914இல் ஒரு ராத்தல் செம்பு சுமார் 13 சென்ட். 1917இல் அது ஏறத்தாழ இருமடங்கு. தோட்டாவுக்கும் மின்கம்பிக்கும் செம்பு வேண்டும். கூலியும் செம்பின் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் முறையில் இருந்ததால் அதுவும் கொஞ்சம் ஏறியது. ஆனால் வீட்டு வாடகையும் மளிகை விலையும் அதைத் தாண்டி ஓடின.

ஜூன் 1917: கோரிக்கைகள்

ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற சங்கம் அந்த ஆண்டு ஊரில் வேர்விட்டிருந்தது. முதலாளித்துவத்தையே ஒழிப்போம் என்று வெளிப்படையாகப் பேசிய சங்கம் அது. ஜூன் மாத இறுதியில் நிர்வாகங்களிடம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். சங்கத்தின் பேச்சைக் கேட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் படித்தால் ஏமாற்றமாக இருக்கும். புரட்சி எதுவும் அதில் இல்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போது வெடி வைக்காதே. துளைப்பு எந்திரத்தில் ஒருவருக்குப் பதில் இரண்டு பேரைப் போடு. வேலைக்கு எடுக்கும்போது நடத்தும் உடல் பரிசோதனையை நிறுத்து. போனஸ், காண்ட்ராக்ட் முறைகளை எடு. சங்க உறுப்பினர்களிடம் பாகுபாடு காட்டாதே. செம்பு விலையோடு ஆடும் கூலிக்குப் பதில் நிலத்தடி வேலைக்கு ஒரு ஷிப்டுக்கு 6 டாலர், தரைமேல் வேலைக்கு 5.50 டாலர் என்று நிலையாகக் கொடு.

கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. தரைமேல் வேலை என்றால் பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். அவர்களுக்கு 5.50 என்பது இரட்டிப்புக்கும் மேல். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் வெறும் அரை டாலர்தான் மிஞ்சும். உடல் பரிசோதனையைத் தொழிலாளர்கள் எதிர்த்ததற்கும் காரணம் இருந்தது. உடல்நலத்தைவிட, சங்கத்துக்காரர்களை வடிகட்டுவதற்குத்தான் அது பயன்படுகிறது என்று அவர்கள் நம்பினார்கள்.

நிர்வாகங்கள் பேச மறுத்தன. வேலைநிறுத்தம் தொடங்கியது. ஊரின் சுரங்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள்கூட இல்லை.

கவனித்தது என்ன, சொன்னது என்ன

பிஸ்பீ இருக்கும் கோச்சீஸ் மாவட்டத்தின் ஷெரீப், அதாவது காவல் தலைவர், ஹாரி வீலர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பதவி அது. அரிசோனா ரேஞ்சர் என்ற காவல் படையின் கடைசித் தலைவராக இருந்தவர், நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். அவர் நிறுவனங்களின் கைக்கூலி என்று எழுதிவிட்டால் எளிதாகப் போய்விடும், ஆனால் ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கியதுமே அவர் மத்திய அரசின் ராணுவத்தைக் கேட்டார். ராணுவ அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டு, ஊர் அமைதியாக இருக்கிறது, படை தேவையில்லை என்று அறிக்கை கொடுத்தார்.

நிகழ்வு முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம். வெளியிலிருந்து வந்த கண் ஒன்று அமைதியைப் பார்த்தது. உள்ளூர்க் கண் கலவரம் வரப்போவதைப் பார்த்தது. மலையில் துப்பாக்கிகள் பதுக்கி வைத்திருக்கிறார்கள், மெக்சிகோவிலிருந்து புரட்சித் தலைவர் பஞ்சோ வில்லாவின் ஆட்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள், பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்றெல்லாம் ஊரில் பேச்சு இருந்தது. வில்லா 1916 மார்ச்சில் நியூ மெக்சிகோவின் கொலம்பஸ் ஊரைத் தாக்கியிருந்தார் என்பதால் பயத்துக்கு ஒரு பிடி இருந்தது. ஆனால் பதுக்கிய ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் முன்னதாக, ஜூலை 10 அன்று, அதே மாநிலத்தின் ஜெரோம் என்ற மற்றொரு செம்பு ஊரில் 67 பேரைப் பிடித்து ரயிலில் ஏற்றி கலிபோர்னியா பக்கம் அனுப்பினார்கள். அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. பிஸ்பீக்கு இது ஒத்திகை மாதிரி ஆயிற்று.

முடிவு: ஜூலை 11 இரவு

அன்று மாலை ஷெரீப்பும் நிறுவனங்களின் உயரதிகாரிகளும் கூடினார்கள். மறுநாள் காலை வேலைநிறுத்தக்காரர்களையும் அவர்களுக்கு ஆதரவானவர்களையும் பிடித்து ஊரைவிட்டு அனுப்புவது என்று முடிவாயிற்று. 2,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்குத் துணை ஷெரீப் அதிகாரம் கொடுத்தார்கள். அவர்களில் கடைக்காரர், மேற்பார்வையாளர், வேலைநிறுத்தத்தில் சேராத சுரங்கத் தொழிலாளி எல்லாரும் இருந்தார்கள். அடையாளத்துக்குக் கையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டார்கள். தந்தி அலுவலகத்தையும் தொலைபேசியையும் கட்டுப்பாட்டில் எடுத்து வெளியுலகத்துக்குச் செய்தி போகாமல் பார்த்துக்கொண்டார்கள். மாநில ஆளுநருக்கோ நீதிமன்றத்துக்கோ முன்கூட்டியே தெரிவிக்கவில்லை.

ஏன் கைது செய்து வழக்குப் போடவில்லை? போட வழக்கு இல்லை என்பதுதான் விடை. வேலைநிறுத்தம் செய்வது குற்றமில்லை. பின்னாளில் விசாரணையில் எந்தச் சட்டத்தின்படி செய்தீர் என்று கேட்டபோது, ஷெரீப்பால் ஒரு சட்டப் பிரிவையும் காட்ட முடியவில்லை. நீ அமெரிக்கனா இல்லையா என்பதுதான் அப்போதைய கேள்வியாக இருந்தது என்ற பொருளில் பதில் சொன்னார்.

ஜூலை 12

உள்ளூர் நாளிதழ் அன்று காலை பெண்களும் குழந்தைகளும் தெருவுக்கு வரக் கூடாது என்ற எச்சரிக்கையோடு வந்தது. காலை ஆறரைக்குத் தொடங்கினார்கள். வீடு வீடாக, விடுதி விடுதியாகப் போய் ஆட்களை இழுத்து வந்தார்கள். வேலைநிறுத்தத்தோடு தொடர்பே இல்லாதவர்களும் மாட்டினார்கள். ஒரு விடுதியில் ஒரு தொழிலாளி தன்னைப் பிடிக்க வந்தவரைச் சுட்டுக் கொன்றார், உடனே அவரும் சுடப்பட்டார். அன்று செத்தவர்கள் அந்த இரண்டு பேர்.

பிடிபட்டவர்களை மூன்று கிலோமீட்டர் நடத்தி வாரன் என்ற பகுதியின் பேஸ்பால் திடலுக்குக் கொண்டுபோனார்கள். தொழிலாளர்களின் பொழுதுபோக்குக்கென்று 1909இல் கட்டிய திடல் அது. அங்கே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள்: சங்கத்தை மறுத்துவிட்டு வேலைக்குத் திரும்பு, விட்டுவிடுகிறோம். சில நூறு பேர் ஒப்புக்கொண்டு வெளியே வந்தார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். எந்திரத் துப்பாக்கி பொருத்திய வண்டி அருகில் நின்றது. சகோதரனைச் சகோதரனே பிடித்துக் கொடுத்த குடும்பமும் உண்டு. அந்தக் குடும்பம் பிறகு வருகிறது.

நண்பகல் வாக்கில் 23 பெட்டிகள் புறப்பட்டன. ஏற்கெனவே சொன்ன அந்த ரயில் பாதைதான். தரையில் சாணம். ஜூலை மாதப் பாலைவன வெயில். கொலம்பஸ் ஊரில் இறக்கப் பார்த்தார்கள், ஊரார் ஏற்கவில்லை. கடைசியில் ஹெர்மானாஸ் என்ற, வீடு வாசல் இல்லாத ரயில் நிறுத்தத்தில், பயணம் தொடங்கி சுமார் 16 மணி நேரம் கழித்து விட்டுவிட்டு எஞ்சின் திரும்பியது. இரண்டு நாள் கழித்து ராணுவம் அவர்களைக் கொலம்பஸ் முகாமுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டது. செப்டம்பர் நடுவரை பலர் அங்கேயே இருந்தார்கள்.

முகாமில் ராணுவம் எடுத்த கணக்கு ஊரின் வாதத்தைக் கவிழ்த்துவிடுகிறது. தேசத் துரோகிகள் என்று விரட்டப்பட்டவர்களில் 472 பேர் ராணுவச் சேர்ப்புக்குப் பதிவு செய்திருந்தார்கள். 205 பேர் போர்க் கடன் பத்திரம் வாங்கியிருந்தார்கள். ஐ.டபிள்யூ.டபிள்யூ. உறுப்பினர், எதிர்ச் சங்கமான ஏ.எஃப்.எல். உறுப்பினர், எந்தச் சங்கமும் சேராதவர் என்று ஏறக்குறைய மூன்று சம பங்காக இருந்தார்கள்.

பின்விளைவு: சட்டம் மூன்று முறை வந்து மூன்று முறை போனது

குடியரசுத் தலைவர் வில்சன் ஒரு சமரசக் குழுவை அனுப்பினார். குழுவின் சட்ட ஆலோசகர் ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்ற இளம் வழக்கறிஞர். 1917 நவம்பரில் வந்த அறிக்கை, ஊர்நீக்கம் மாநிலச் சட்டப்படியும் மத்தியச் சட்டப்படியும் முற்றிலும் சட்டவிரோதம் என்றது.

1918இல் ஷெரீப், நிறுவன அதிகாரிகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மீது மத்திய அரசு குற்றம் சாட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்த் தரப்புக்கு வாதாடியவர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், 1916 தேர்தலில் வில்சனிடம் தோற்றவர். தனியார்கள் சேர்ந்து ஒருவரை ஊரைவிட்டு விரட்டினால் அதைத் தண்டிப்பது மாநிலத்தின் வேலை, மத்திய அரசின் வேலையல்ல என்று 1920 டிசம்பரில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

மாநிலம் என்ன செய்தது? 200க்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்குப் போட்டு, முதலில் ஹாரி வூட்டன் என்ற இரும்புச் சாமான் வியாபாரியை விசாரித்தது. ஊருக்கு ஆபத்து வந்தால் சட்டத்தை மீறலாம் என்ற 'அவசியக் கோட்பாடு'தான் எதிர்வாதம். மூன்று மாதம் நடந்த வழக்கு, நடுவர் குழு உள்ளே போய் 16 நிமிடத்தில் விடுதலை என்று வெளியே வந்தது. மீதி வழக்குகளைக் கைவிட்டார்கள். ஊர்நீக்கப்பட்டவர்களில் சுமார் 300 பேர் போட்ட சிவில் வழக்குகள் பெரும்பாலும் பணம் கொடுத்து வெளியே முடிக்கப்பட்டன. சிறைக்குப் போனவர் ஒருவரும் இல்லை.

கதை இங்கே முடிந்துவிட்டதாகப் பலர் எழுதுவார்கள். எனக்கு ஒரு வால் முக்கியம். 1935இல் அதே காப்பர் குவீனில் மறுபடி வேலைநிறுத்தம். சங்கத்துக்காரர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்க நிறுவனம் மறுத்தது. அந்த வழக்கும் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், சங்கத்தில் இருப்பதற்காக வேலை மறுப்பது சட்டவிரோதம் என்று 1941இல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதியவர் அதே ஃபிராங்க்ஃபர்ட்டர், இப்போது நீதிபதி. தலைமை நீதிபதி நாற்காலியில் இருந்தவர் அதே ஹியூஸ். 1966இல் வேறொரு வழக்கில், தனியார்கள் சதி செய்து ஒருவர் மாநிலம் விட்டு மாநிலம் போகும் உரிமையைத் தடுத்தாலும் மத்தியச் சட்டப்படி குற்றமே என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குள் 49 ஆண்டு போயிருந்தது.

மௌனம் எப்படி வேலை செய்தது

ஊர்நீக்கத்துக்குப் பிறகு பல மாதம் ஊர் எல்லையில் காவல் போட்டு, யார் வரலாம் என்று முடிவு செய்தார்கள். விரட்டப்பட்டவர்களில் திரும்பி வந்து குடியேறியவர்கள் சொற்பம். விரட்டியவர்கள் அங்கேயே இருந்தார்கள். அடுத்த தலைமுறைக்குக் கதை சொல்ல ஒரு பக்கம்தான் மிஞ்சியது. அந்தப் பக்கத்துக்குச் சொல்ல ஆசையில்லை.

மறதி என்று இதைச் சொல்வது தவறு. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைப் பேசாமல் இருப்பது வேறு. மேலாளர் இன்னும் அதே நிறுவனத்தின் ஆள். வீடு, மருத்துவமனை, மகனின் வேலை எல்லாம் அங்கிருந்து வருகிறது. யார் வாய் திறப்பார்? அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், பெரியவர்களான பிறகே இதைக் கேள்விப்பட்டதாகச் சொல்பவர்கள் உண்டு.

1974, 75இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வீடுகள் அடிமாட்டு விலைக்குப் போயின. ஓவியர்களும் ஹிப்பிகளும் வந்து வாங்கினார்கள். 1976இல் காப்பர் குவீன் சுரங்கம் சுற்றுலா இடமாகத் திறக்கப்பட்டது. ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளிகளே வழிகாட்டிகள் ஆனார்கள். நிறுவனத்தின் பழைய தலைமை அலுவலகம் இன்று அருங்காட்சியகம். 1917 பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. சம்பளம் கொடுத்த கை போன பிறகுதான் ஊர் பேசத் தொடங்கியது என்பதை யாரும் ஒரு குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

2017: எடுத்த முடிவு

நூற்றாண்டு வந்தபோது ஊரில் இரண்டு கருத்து இருந்தது. பழைய சுரங்கக் குடும்பத்தாரில் சிலர், எதற்கு இப்போது கிளற வேண்டும், அன்று தாத்தாக்கள் ஊரைக் காப்பாற்றத்தானே செய்தார்கள் என்றார்கள். புதிதாக வந்தவர்களில் பலர் விரட்டப்பட்டவர்கள் பக்கம் நின்றார்கள். சிலை வைத்து, மாலை போட்டு, பேசிவிட்டுக் கலைந்திருக்கலாம். அவர்கள் வேறு ஒன்று செய்தார்கள். ஓர் ஆவணப்படக் குழுவோடு சேர்ந்து, 2017 ஜூலை 12 அன்று, ஊர் மக்களே நடிகர்களாக, அதே தெருக்களில், ஊர்நீக்கத்தை மறுபடி நடத்தினார்கள்.

யார் எந்தப் பக்கம் நடிப்பது என்பதில் எடுத்த முடிவுதான் இந்த நிகழ்விலேயே துணிச்சலானது. நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தவர்களுக்கும் அவர்கள் நம்பும் பாத்திரத்தையே கொடுத்து, அந்தப் பேச்சை அவர்களே பேச விட்டார்கள். நம் காலத்தில் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கு நடக்கும் நாடு கடத்தலால் தன் வீட்டிலேயே பாதிக்கப்பட்ட மெக்சிகோ வம்சாவளி இளைஞர் ஒருவர் வேலைநிறுத்தக்காரரானார். நான் முன்னால் சொன்ன அந்தச் சகோதரர்களின் குடும்பத்தில், பேரன்மார் இருவர் தங்கள் முன்னோர் வேடத்தைப் போட்டு, ஒருவர் மற்றவரைப் பிடித்துப் போனார்.

இது நாடகமா, நியாயம் கேட்பதா? இரண்டும் இல்லை என்பது என் கணிப்பு. நிறுவனம் மன்னிப்புக் கேட்கவில்லை. 2007இல் ஃபெல்ப்ஸ் டாட்ஜை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டதால் கேட்க வேண்டியவர் யார் என்பதே சிக்கல். ஆனால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு தெரிந்த முகத்தை வரிசையில் நிறுத்தும்போது, 'காப்பாற்றத்தானே செய்தார்கள்' என்ற வாக்கியத்தை முன்போல் சுலபமாகச் சொல்ல முடியாமல் போனவர்கள் இருந்தார்கள். சொல்லிக்கொண்டே இருந்தவர்களும் இருந்தார்கள்.

மறுபடி செய்தால் எதை மாற்றலாம்

முதலில், கால வரிசையை. பிஸ்பீ நூறு ஆண்டு காத்திருந்ததால், அன்று அங்கே இருந்தவர் ஒருவர்கூட 2017இல் இல்லை. மிஞ்சியவை பேரன்மாரின் கேள்விப்பட்ட கதைகள். இதே மாதிரி வரலாறு உள்ள சுரங்க ஊர்கள், முதியவர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் வேலையை நினைவு நாள், நினைவுச் சின்னம் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும். யார் சரி என்று தீர்ப்பு சொல்லாமல், இரு பக்கமும், இப்போதே.

இரண்டாவது, வெளியே போனவர்களைத் தேடுவது. 2017இல் ஊரில் இருந்தவர்கள்தான் நடித்தார்கள். அதாவது தங்கியவர்களின் சந்ததியும் பின்னால் வந்தவர்களும். ரயிலில் ஏறிய 1,186 பேரின் சந்ததி அமெரிக்கா, மெக்சிகோ, பால்கன், ஃபின்லாந்து என்று சிதறிக் கிடக்கிறது. அவர்களில் பலருக்குத் தாத்தா ஒருநாள் பிஸ்பீயில் இருந்தார் என்பதே தெரியாமல் இருக்கலாம். முகாமில் எடுத்த கணக்கு இருக்கும்போது இதைச் செய்ய வழியில்லாமல் இல்லை.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. வேலைநிறுத்தக்காரர்களைச் சாதுக்களாகக் காட்டும் ஆசை நூற்றாண்டு நிகழ்வுகளில் அங்கங்கே தெரிந்தது. அவர்களில் கடுமையாகப் பேசியவர்களும் இருந்தார்கள், ஒருவர் சுட்டும் இருக்கிறார். அதை ஒப்புக்கொண்டுவிட்டு, பேச்சு கடுமையாக இருந்தது என்பதற்காக ஒரு ஊர் தன் ஆட்களை மாட்டுப் பெட்டியில் ஏற்றலாமா என்று கேட்டால்தான் கேள்வி கூர்மையாக இருக்கும்.

வாரன் திடல் இன்றும் இருக்கிறது. அங்கே பேஸ்பால் ஆடுகிறார்கள்.